பூனைக்குட்டியின் வயிறு தேறவில்லையா? கொழும்பில் புதிதாகப் பூனை வளர்ப்போருக்கு

கறுவா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு மாதம் இருக்கும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஜூன் மாத மழையில் நனைந்தபடி நின்றான். கறுவாப்பட்டை நிறம் என்பதால் அந்தப் பெயர். வந்த மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. ஒரு கிழமை நன்றாக இருப்பான், மறு கிழமை திரும்பவும் தண்ணீராகப் போகும். இடையிடையே சத்தியும் எடுப்பான். முழுதாகத் தேற நாலரை மாதம் ஆனது.

அந்த நாலரை மாதத்தில் பாதியை நான் அவசரப்பட்டே வீணாக்கினேன். ஒரே மாதத்தில் ஐந்து வகை உணவு மாற்றினேன். பூச்சி மருந்து கொடுத்த அன்றே புதிய டின்னையும் உடைத்தேன். இரண்டு நாள் வயிறு சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்துவது ஒழுங்குமுறையைத்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள்.

இன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டிய நிலையா?

எழுதி வைப்பதற்கெல்லாம் முன்னால் இதைப் பாருங்கள். குட்டி ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, குடித்த தண்ணீரையும் சத்தி எடுக்கிறது, துவண்டுபோய்க் கிடக்கிறது, மலம் தார் மாதிரிக் கறுப்பாகவோ நிறைய இரத்தத்துடனோ போகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். வெளிறிப்போயிருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம், விரலில் ஒட்டினால் உடலில் நீர் வற்றியிருக்கிறது.

தடுப்பூசி போடாத குட்டிக்குத் திடீரென்று காய்ச்சல், சத்தி, சோர்வு எல்லாம் சேர்ந்து வந்தால் அது பான்லூகோபீனியாவாக இருக்கலாம். வெள்ளை அணுக்களை அழிக்கும் இந்த வைரஸ் நோயில் சில மணித்தியாலத் தாமதமும் உயிரைக் கொண்டுபோகும். தடுப்பூசியை 6 முதல் 8 கிழமை வயதில் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை வயது வரை போட வேண்டும். தெருவில் எடுத்த குட்டி என்றால் ஒன்றும் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இருப்பதால் அதற்கான ஊசியும் கட்டாயம்.

இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. உள்ளே குடலைச் சுருக்கிக்கொண்டு கிடக்கும் நூல், இழுத்தால் குடலை அறுத்துவிடும். தையல் நூல், பூமாலை கட்டும் நார் எல்லாம் இருக்கும் எங்கள் வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். மற்றது, ஆண் பூனை மணல் தட்டில் குந்தியிருந்து முக்கினால் மலச்சிக்கல் என்று நினைக்கத் தோன்றும். சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். சொட்டும் வரவில்லை என்றால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கிறது, உடனே போக வேண்டும்.

இப்படி எதுவும் இல்லாமல், சாப்பிட்டு விளையாடிக்கொண்டே, ஆனால் வயிறு மட்டும் விட்டுவிட்டுக் கெடுகிறது என்றால் தொடர்ந்து வாசியுங்கள். மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியர்கள் அதை நாட்பட்ட வயிற்றுக்கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்து அணுகும் முறையே வேறு.

ஒரு கொப்பி, ஒரு தராசு

கறுவாவை முதல் தடவை கொண்டுபோனபோது டொக்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகுது? நிறையப் போகுதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? சளி மாதிரி இருக்கா? கடைசியாய் எப்ப சத்தி எடுத்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு?" எனக்கு ஒன்றுக்கும் சரியான பதில் தெரியவில்லை. அன்று வீடு திரும்பும்போதே ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கினேன்.

அதில் ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். என்ன சாப்பிட்டான், எவ்வளவு. எத்தனை தரம் போனான், எப்படிப் போனது. சத்தி எடுத்தானா. என்ன மருந்து. வீட்டில் வேறு என்ன நடந்தது: விருந்தாளி வந்தார்களா, தெள்ளு மருந்து போட்டோமா, பல்லி பிடித்துத் தின்றானா. மலத்தைப் போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. வாயால் விளக்குவதைவிட வைத்தியருக்கு அது உதவும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மலத்துக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் மிருக வைத்தியர்கள் பலர் 1 முதல் 7 வரை எண் கொடுக்கிறார்கள். 1 என்பது கல் மாதிரிக் காய்ந்தது, 7 என்பது வெறும் தண்ணீர். 2, 3 தான் நல்ல நிலை: உருவம் குலையாமல், மணலிலிருந்து அள்ளும்போது தட்டில் ஒட்டாமல் வர வேண்டும். "இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்பதைவிட "நேற்று 6, இன்று 4" என்ற வரி ஒரு மாதம் கழித்தும் பொருள் தரும்.

தராசு அதைவிட முக்கியம். கறித்தூள் நிறுக்கும் டிஜிட்டல் சமையல் தராசு இருந்தால் போதும், மேலே ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்துக் குட்டியை உட்கார வையுங்கள். நாலைந்து மாதம் வரையான குட்டி கிழமைக்கு ஏறத்தாழ 100 கிராம் ஏற வேண்டும். கறுவா மூன்று கிழமை 1.1 கிலோவிலேயே நின்றான். விளையாட்டில் குறைவில்லை, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தான். சாப்பாடு உடலில் சேரவில்லை என்பதைத் தராசுதான் காட்டிக்கொடுத்தது.

மலத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறையப் போய், உடம்பும் மெலிந்துகொண்டு வந்தால் பிரச்சினை பெரும்பாலும் சிறுகுடலில். ஐந்தாறு தரம் ஓடி ஓடிப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு, சில வேளை கடைசியில் ஒரு சொட்டுச் செந்நிற இரத்தத்தோடு போனால் பெருங்குடலில். பெருங்குடல் கோளாறில் நிறை அவ்வளவு குறையாது, ஆனால் தட்டுக்கு ஓடி வந்து சேர முடியாமல் தரையிலேயே போய்விடும். அதற்காகக் குட்டியை ஏசாதீர்கள், அடக்க முடியாமல்தான் போகிறது. இரண்டும் கலந்தும் வரலாம். கறுவாவுக்கு முதலில் பெருங்குடல் மாதிரி, பிறகு சிறுகுடல் மாதிரி. இரண்டு வேறு காரணங்கள் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

வைத்தியரிடம் போகும் நாள்

மலம் கொண்டுபோங்கள். பாமசியில் மனிதருக்கு விற்கும் மூடி போட்ட சின்னப் பரிசோதனைக் குப்பியே போதும். அன்று காலை போனதாக இருந்தால் மிக நல்லது. முந்தைய நாள்களினதையும் சேர்க்கச் சொன்னால், குப்பியை இரண்டு பையில் சுற்றி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒதுக்கமாக வையுங்கள். ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைத் தேடுவதாக இருந்தால் மட்டும் பிரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிரில் அது செத்துவிடும். எதற்குப் பரிசோதிக்கிறார்கள் என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்கள்.

ஓட்டோவில் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தால் நகத்தால் பிறாண்டிக்கொண்டு பாய்ந்துவிடும். மூடி பூட்டக்கூடிய கூடையில், நீங்கள் உடுத்துப் பழசான துணி ஒன்றைப் போட்டு, மேலேயும் ஒரு துவாயால் மூடிக்கொண்டு போங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அண்மையில் வந்தவர்களுக்கு ஒரு சின்ன உதவி. டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வயிற்றோட்டத்துக்குச் சிங்களத்தில் பேச்சுவழக்கில் 'பட யனவா', சத்தி எடுப்பதற்கு 'வமனே யனவா'. பூனைக்குட்டி 'பூஸ் பெட்டியா'. இந்த மூன்றும் உங்கள் கொப்பியில் இருக்கும் எண்களும் போதும், மிச்சத்தை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பூனை எய்ட்ஸ், பூனை லூக்கீமியா என்று சொல்லப்படும் இரண்டு வைரஸுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தெருக்குட்டிக்கு வயிறு நாள்கணக்கில் கெட்டிருந்தால் இது ஆரம்பத்திலேயே தெரிய வேண்டியது.

முதலில் பூச்சி

குட்டிப் பூனையின் வயிறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒட்டுண்ணிகளைத்தான். எங்கள் காலநிலையில் இன்னும் அதிகமாக. ஆனால் 'பூச்சி மருந்து கொடுத்துவிட்டேன், பூச்சி இல்லை' என்ற நினைப்பில்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

பூச்சிகள் பல வகை, மருந்துகளும் வேறு வேறு. உருளைப்புழு தாய்ப்பாலோடு குட்டிக்குள் போகிறது. அதனால் பிறந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்த குட்டிக்கும் அது இருக்கலாம். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரிய இருக்கும் குட்டியைக் கண்டால் இதைத்தான் நினைக்க வேண்டும். கொளுக்கிப்புழு குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும், ஈறு வெளிறும், மலம் கறுக்கும். பூனை, நாய், மனிதர் மூவரிடமும் வாழும் ஒரு கொளுக்கிப்புழுவுக்கு அறிவியல் பெயரே 'ஆன்சிலோஸ்டோமா செய்லானிக்கம்'. 1911இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து எடுத்து விவரிக்கப்பட்டதால் நம் நாட்டின் பழைய பெயர் அதில் நிற்கிறது. மண்ணில் கிடக்கும் அதன் குடம்பிகள் தோலைத் துளைத்தும் நுழையும். ஆகவே பூனை மலம் கழிக்கும் முற்றத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு திரிய வேண்டாம்.

நாடாப்புழு தெள்ளு மூலம் வருகிறது. பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிடும். வாலடியில் அரிசி மணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். தெள்ளு மருந்து வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: நாய்க்கென்று விற்கும் பேர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். பூனை படம் போட்ட பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

சாதாரணப் புழுக்களுக்குக் குட்டிக்கு 3 கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை, 8 கிழமைக்குப் பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதம் வரை மருந்து கொடுப்பது வழக்கம். நிறைக்கு ஏற்றபடி அளவு மாறும், தராசு அங்கேயும் உதவும்.

ஆனால் ஜியார்டியா, கொக்சிடியா, ட்ரைட்ரைக்கோமோனாஸ் ஆகிய மூன்றும் புழுக்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல உயிர்கள். பாமசியில் வாங்கும் வழக்கமான பூச்சி மருந்து பெரும்பாலும் இவற்றைத் தொடாது. கறுவாவுக்கு இருந்தது ஜியார்டியா. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இரண்டாவதிலும் இல்லை. ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளிவராது, ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. மூன்று நாள் மாதிரியைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் அகப்பட்டது. அதனால் 'ஒன்றும் இல்லை' என்று ஒரு தாள் வந்தவுடன் ஒட்டுண்ணிச் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள்.

ட்ரைட்ரைக்கோமோனாஸைப் பிடிக்கப் பி.சி.ஆர். பரிசோதனைதான் நம்பகமானது. அதற்குரிய மருந்து நரம்பைப் பாதிக்கக்கூடியது, அளவு பிசகக் கூடாது. இணையத்தில் பார்த்து நீங்களாகவே தேடிப்போக வேண்டாம்.

இங்குள்ள பூனைகளுக்கே உரிய இன்னொன்று, பல்லி. தொடர்மாடி வீட்டில் அடைந்திருக்கும் பூனைக்குக் கிடைக்கும் ஒரே வேட்டை பல்லியும் கரப்பானும்தான். வெப்பநாடுகளில் பல்லியைத் தின்னும் பூனைகளுக்கு ஈரல் பித்தக்குழாயில் வாழும் ஒரு தட்டைப்புழு தொற்றலாம். பசி குறையும், சத்தி எடுக்கும், முற்றினால் கண்ணும் ஈறும் மஞ்சளாகும். கரப்பான் தின்றால் இரைப்பையில் ஒரு வகைப் புழு வந்து ஓயாத சத்திக்குக் காரணமாகலாம். உங்கள் பூனை பல்லி பிடிக்கும் என்றால் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பாடு: ஒன்றை மட்டும், ஆறுதலாக

பூச்சியெல்லாம் போன பிறகும் கறுவாவின் மலம் 5க்குக் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினோம்.

முதலில் நிறுத்த வேண்டியவை. பால். பக்கத்து வீட்டு அன்ரி அன்பாகச் சொல்வார்: "பிள்ளை, கொஞ்சம் பால் குடுங்கோ, வயிறு குளிரும்." பால் குடிமறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லக்டோஸ் செரிக்காது, வயிற்றோட்டம் கூடத்தான் செய்யும். மாப்பாலும் அதேதான். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பு அணுக்களை உடைக்கும், ஆகவே கறிச்சட்டியில் மிஞ்சியது எதுவும் வேண்டாம். தேங்காய்ப்பால் கொழுப்பு, மாசி, உப்பு, மிளகாய், இவற்றைத் தாங்கும் வயிறு இல்லை அது.

மீனும் சோறும் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எங்கள் அம்மம்மா வீட்டுப் பூனைகள் எல்லாம் அதில்தான் வளர்ந்தன. அவை முற்றத்தில் எலியும் குருவியும் பிடித்துத் தின்றன என்பதை மறந்துவிடுகிறோம். பூனைக்கு டோரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயத்தசை பலவீனமாகும் என்பது 1987இல் உறுதியானது. இறைச்சியை அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சோற்றோடு கலந்தால் டோரினில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். சில பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 விட்டமினை அழிக்கும். எலும்பில்லாத இறைச்சி மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கல்சியம் போதாமல் எலும்பு வளையும். ஆகவே உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சை, வைத்தியர் சொன்னால், இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். மாதக்கணக்கில் கொடுத்துக் குட்டியை வளர்க்க முடியாது. குட்டிகளுக்கென்று செய்த முழுமையான உணவுதான் வேண்டும்.

புதிய உணவுக்கு மாற 7 முதல் 10 நாள் எடுங்கள். முதலில் நாலில் ஒரு பங்கு புதியது, இரண்டு மூன்று நாளில் பாதி, பிறகு முக்கால். கடையில் ஒரு வகை முடிந்துவிட்டதென்று வேறொன்றை எடுத்து வந்து அன்றே கொட்டிவிடுவதுதான் பல வீடுகளில் வயிற்றைக் கெடுக்கிறது. பையில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். 2022இல் இறக்குமதி நெருக்கடி வந்தபோது இதன் அருமை தெரிந்தது.

ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சாப்பாட்டுக்குப் பதில் நாலு சின்னச் சாப்பாடு. அவசரமாக விழுங்கி உடனே அப்படியே கக்கும் குட்டிக்கு இது ஒன்றே பாதிச் சத்தியை நிறுத்தும். தட்டையான அகலமான பீங்கானில் பரத்திக் கொடுங்கள். கொழும்பு வெக்கையில் ஈர உணவை அரை மணித்தியாலத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள், மிச்சத்தை எடுத்து எறியுங்கள். டின்னை உடைத்தால் கண்ணாடிப் போத்தலில் மாற்றி பிரிட்ஜில் வைத்து, கொடுக்கும்போது வெந்நீரில் போத்தலை நிறுத்தி இளஞ்சூடாக்குங்கள். உலர் உணவுப் பையைத் திறந்தபடி விட்டால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும், இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். எறும்புக்கு மருந்து தெளிக்க வேண்டாம், கோப்பையைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் தேறவில்லை என்றால் உணவு ஒவ்வாமையைச் சோதிக்க வேண்டும். பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாமல் போவது மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவைதான். அவை அடிக்கடி தின்பவையும் அவைதானே. சோதனை இதுதான்: இதுவரை தின்றே இராத ஒரு புரதம், அல்லது வைத்தியர் எழுதிக் கொடுக்கும், புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துச் செய்த உணவு. அதை மட்டும். வேறு ஒரு துளியும் கூடாது. வயிற்றுக்கோளாறு உணவால் என்றால் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மாற்றம் தெரியும், நாங்கள் நாலு கிழமை தொடர்ந்தோம்.

கஷ்டம் உணவில் இல்லை, வீட்டில் இருக்கிறவர்களில். எங்கள் சோதனை முதல் தடவை ஒன்பதாம் நாள் குலைந்தது. வீட்டுக்கு வந்த மாமா பரிதாபப்பட்டு ஒரு துண்டுப் பொரித்த கோழி போட்டார். அன்றிரவே 6. மறுபடி முதலாம் நாளிலிருந்து தொடங்கினோம். பிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினோம்: 'கறுவாவுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம்'. சுவையூட்டிய விட்டமின் பசை, சுவையூட்டிய குளிசை, இவையும் சேர்த்தி.

மூன்றாம் கிழமை முடிவில் மலம் 3க்கு வந்தது, நிறை ஏறத் தொடங்கியது. அதன் பிறகு டொக்டர் சொன்னபடி கோழியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தோம். மனமே வரவில்லை, ஆனால் இது செய்யாமல் உறுதி இல்லை. இரண்டாம் நாளே திரும்பக் கெட்டது. கோழிதான் காரணம் என்று உறுதியானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டின்னின் பின்பக்கத்தையும் வாசிக்கிறேன். முன்னால் சூரை மீன் படம் இருக்கும், பின்னால் கோழி ஈரல் சேர்த்திருப்பார்கள்.

பெருங்குடல் வகைக் கோளாறுக்கு நார்ச்சத்து உதவலாம். அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டி, அல்லது இசப்கோல் உமி ஒரு சிட்டிகை நிறையத் தண்ணீரோடு உணவில் கலந்து. உணவுச் சோதனை நடக்கும்போது இதையும் தொடங்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று.

மருந்து கொடுக்கும்போது

மனிதர் மருந்து வேண்டாம். முக்கியமாகப் பனடோல். ஒரே ஒரு 500 மில்லிகிராம் குளிசை வளர்ந்த பூனையின் உயிரை எடுக்கப் போதும். வயிற்றோட்டத்தை நிறுத்த நாம் விழுங்கும் குளிசைகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மெட்ரோனிடசோல் என்ற மருந்தை முன்பு வயிற்றோட்டம் என்றாலே எழுதுவார்கள். குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் அது குலைத்துவிடும் என்பதால் இப்போது காரணம் தெரியாமல் கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் "எதற்காக, எத்தனை நாள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அது கடுங்கசப்பு, பூனை வாயில் நுரை தள்ளும். பயப்பட வேண்டாம், கசப்பால்தான். எந்தக் குளிசை கொடுத்தாலும் பின்னாலேயே சிரிஞ்சில் நாலைந்து மில்லிலீற்றர் தண்ணீரைக் கடைவாய்ப் பக்கமாக மெல்ல விடுங்கள். டொக்சிசைக்ளின் மாதிரி மருந்துகள் உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும்.

நாட்பட்டுக் குடல் கெட்டால் பி12 விட்டமின் உறிஞ்சப்படாமல் போகும், அது குறைந்தால் குடலும் தேறாது. இரத்தத்தில் அளவு பார்த்து, கிழமைக்கு ஒரு ஊசி வீதம் சில கிழமை போடுவார்கள். கறுவாவுக்கு ஆறு ஊசி போட்டார்கள். மூன்றாவதோடு பசி வந்துவிட்டது, காலை ஐந்து மணிக்கே எழுப்பத் தொடங்கினான்.

துப்புரவு

ஜியார்டியாவை மருந்து மட்டும் ஒழிக்காது. மலத்தோடு வெளிவந்த, அந்த ஒட்டுண்ணி உள்ளே அடங்கியிருக்கும் நுண்ணிய கூடுகள் வாலடி மயிரில் ஒட்டியிருக்கும், நக்கும்போது திரும்ப உள்ளே போகும். மருந்து முடியும் நாளில் பின்பக்கத்தைப் பூனைக்குரிய ஷாம்பூவால் கழுவித் துடைத்தோம். மணல் தட்டைத் தினமும் இரண்டு தரம் அள்ளி, கிழமைக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் காய வைத்தோம். காய்ந்தால் ஜியார்டியா சாகும். ஆடி மாதத்துக் கொழும்பில் அந்த வெயிலுக்காகத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

டெட்டோல் போன்ற, தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. சவர்க்காரமும் கொதிநீரும் போதும். தட்டுக்குக் கடற்கரை மணல் அள்ளி வருவதையும் தவிருங்கள், அதில் எத்தனை பூனையும் நாயும் போயிருக்கும் என்று தெரியாது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தட்டு அள்ளும் வேலை வேறொருவருடையது. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மலத்தில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது வேண்டும், ஆகவே தினமும் அள்ளினால் ஆபத்து மிகக் குறையும். இதற்காகப் பூனையைக் கொண்டுபோய்த் தெருவில் விட வேண்டியதில்லை.

இன்னும் தேறாவிட்டால்

பூச்சி பார்த்தாயிற்று, உணவுச் சோதனை முழுதாக முடிந்தது, ஆனாலும் மாற்றமில்லை என்றால் அடுத்தது வயிற்று ஸ்கான், கணையத்துக்கான இரத்தப் பரிசோதனை, கடைசியாகக் குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. குடல் அழற்சி நோய் என்று முடிவானால் வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படலாம், அப்படியும் பல பூனைகள் நன்றாக வாழ்கின்றன. வயிறு வீங்கிக் காய்ச்சலும் விடாமல் இருந்தால் இளம் பூனைகளுக்கு ஒரு வகைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. நோயை நினைக்க வேண்டும். ஒரு காலத்தில் அது மரண தண்டனை மாதிரி, இப்போது குணப்படுத்தும் மருந்து உண்டு. உங்கள் டொக்டரால் முடியாத பரிசோதனை என்றால் எங்கே அனுப்பலாம் என்று கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கொப்பியையும் பழைய அறிக்கைகளையும் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு போங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவராது.

தேறிய பிறகு, ஊருக்குப் போகும்போது

கறுவாவுக்கு இப்போது இரண்டு வயது, 4.3 கிலோ. மாதம் ஒருமுறை நிறுக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஐந்து நாளும் அன்ரிதான் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு நாளின் உணவையும் தனித்தனி டப்பாவில் அளந்து, மேலே கிழமை எழுதி வைத்துவிட்டுப் போவேன். வைத்தியரின் நம்பர், ஓட்டோக்காரரின் நம்பர், கொப்பி, மூன்றும் மேசையில் இருக்கும். போன பொங்கலுக்குத் திரும்பி வந்து கொப்பியைத் திறந்தால், ஐந்து நாளுக்கும் அன்ரி தன் கையெழுத்தில் ஐந்து வரி எழுதியிருந்தார். நாலு நாள் 3. ஒரு நாள் 4, பக்கத்தில் 'பல்லி' என்று.